பித்தப்பை அழற்சி: ஆபரேஷன் வரைக்கும் மாமியாருக்கு என்ன சமைப்பது?

தட்டோன் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் இருக்கிறோம். மாமியாருக்கு 61 வயது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தார். ராத்திரி தளிகை போட்டு, வடை, புளியோதரை, நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் சாப்பிட்டுப் படுத்தார். ஒரு மணி வாக்கில் வலது விலாவுக்குக் கீழே வலி என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதுகுப் பக்கம் தோள்பட்டைக்குள் குத்துகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சுக்குக் காப்பியும் கொடுத்தேன். விடிந்தும் குறையவில்லை, காய்ச்சலும் வந்துவிட்டது.

ஸ்கேனில் பித்தப்பையில் கல், பையின் சுவர் வீங்கித் தடித்திருக்கிறது என்று வந்தது. பர்மிய டாக்டர் "தெஜே" என்று சொன்னபோது எனக்குப் புரியவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் பித்தப்பை என்று தெரிந்தது. நான்கு நாள் ஒன்றும் சாப்பிடக் கொடுக்காமல் ட்ரிப்ஸும் ஊசியும். பிறகு வீட்டுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் என்றார்கள்.

என் பிரச்சினை இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே ஒரு வரி: "எண்ணெய், கொழுப்பு தவிர்க்கவும்." அதற்கு மேல் கேட்க யாரும் நேரம் தரவில்லை. எங்கள் வீட்டில் காலையில் இட்லி தோசை, மத்தியானம் சாம்பார் ரசம், ராத்திரி பர்மியக் கறி. எல்லாவற்றிலும் எண்ணெய் உண்டு. மாமியார் பயந்துபோய் வெறும் அரிசிக் கஞ்சியும் உப்பும்தான் என்று உட்கார்ந்துவிட்டார். வந்து பதினோரு நாளில் ஒன்பது பவுண்டு இறங்கிவிட்டது. எழுந்து நடந்தால் கை நடுங்குகிறது. தீபாவளி வருகிறது, அடுத்த நாளே சஷ்டி விரதம் ஆரம்பம். முப்பது வருஷமாக விட்டதில்லை என்கிறார். நான் என்ன சமைக்கட்டும், எதைத் தடுக்கட்டும்?

பெகு தம்பி:

அக்கா, போன வருஷம் எனக்கும் இதேதான். நானும் மூன்று வாரம் கஞ்சி குடித்தேன், கடையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். கஞ்சி மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஆபரேஷன் ஆகி எட்டு மாதம், இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன். மோல்மேன் அக்கா பார்த்தால் பதில் எழுதுவார்கள்.

மோல்மேன் அக்கா:

தங்கச்சி, ஓமத் தண்ணீர் கொடுத்ததற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். சர்ஜரி வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்தேன். வாயு, அல்சர் என்று நினைத்து இரண்டு மூன்று நாள் வீட்டில் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர். நீங்கள் மறுநாளே கூட்டிப் போனீர்கள்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சமையலை நீங்களே முடிவு செய்யலாம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை சின்னப் பை, 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, குழம்பைச் சுண்ட வைப்பதுபோல் சுண்ட வைத்து வைத்திருக்கும். நாம் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் குடல் ஒரு ஹார்மோனை விடும், கொலிசிஸ்டோகைனின் என்று பேர். அது போய்ச் சொன்னதும் பை இறுகிச் சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். முன்னே பித்தப்பை ஒழுங்காகச் சுருங்குகிறதா என்று பார்க்கக் கொழுப்புள்ள சாப்பாடு கொடுத்துத்தான் படம் எடுப்பார்கள்.

இப்போது பையின் கழுத்தில் ஒரு கல் வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். பை சுருங்கப் பார்க்கிறது, வழியில்லை. அதுதான் அந்த வலி. கல் கொஞ்சம் நகர்ந்தால் சில மணி நேரத்தில் வலி அடங்கிவிடும். நகராவிட்டால் உள்ளே தேங்கிய பித்தம் சுவரைப் புண்ணாக்கும், சுவர் வீங்கும், பிறகு கிருமியும் சேரும். வலி ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டி நின்று காய்ச்சலும் வந்தால் பெரும்பாலும் அழற்சிதான்.

உங்கள் மாமியாரின் சனிக்கிழமையைப் பாருங்கள். பகல் முழுக்கச் சாப்பாடு இல்லை, பை சுருங்கவே இல்லை, நிறைந்து கெட்டிப்பட்டு நிற்கிறது. ராத்திரி ஒரே பந்தியில் வடையும் நெய்யும். வார்டில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஆனால் அந்த ஒரு ராத்திரியில் கல் உண்டாகவில்லை, அது வருஷக்கணக்கில் வளர்ந்திருக்கும். அந்த ராத்திரி அதைக் கிளப்பிவிட்டது.

அதனால் சாப்பாட்டின் வேலை எது என்பதில் தெளிவாக இருங்கள். எந்தச் சாப்பாடும் கல்லைக் கரைக்காது. வீங்கிய பையை ஆற்றவும் ஆற்றாது. ஆபரேஷன் வரைக்கும் பையைச் சீண்டாமல் வைக்க வேண்டும், மாமியாரைத் தெம்பாக ஆபரேஷன் மேஜைக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இப்போது முதலாவது மட்டும்தான் நடக்கிறது, அதுவும் தப்பாக.

ஏன் தப்பு? பதினோரு நாளில் ஒன்பது பவுண்டு என்றால் வாரத்துக்கு இரண்டரை கிலோ. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினாலே பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். உடம்பு தன் கொழுப்பையே கரைக்கும்போது கல்லீரல் பித்தத்தில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கொட்டும். கஞ்சியில் கொழுப்பு இல்லாததால் பையும் சுருங்காது, தேங்கும். சுத்தமாகக் கொழுப்பில்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று பயத்தில் தோன்றும். அது பாதுகாப்பு இல்லை.

எங்கள் வார்டில் டயட்டீஷியன் சொல்லும் கணக்கு: நாள் முழுவதற்கும் சேர்த்துக் கொழுப்பு 40 கிராம் வரை, அதை ஐந்து வேளையாகப் பிரித்து. ஒரு வேளைக்கு எட்டு கிராம் வரும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம். ஒரு முட்டையில் ஐந்து கிராம், எல்லாம் மஞ்சள் கருவில். வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணத்தில் ஒரு கிராம்கூட இருக்காது. நூறு கிராம் வேர்க்கடலையில் 49 கிராம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

புளிப்பும் காரமும் பித்தப்பையைப் புண்ணாக்காது. ரசம், புளிச்சக்கீரை, அதில் வைக்கும் சின்பவுங் சூப் எல்லாம் சாப்பிடலாம். ஒருவருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் அதை விடட்டும், எல்லாரும் விட வேண்டியதில்லை.

கடைசியாக, இதை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள்: மறுபடி வலி வந்து நான்கைந்து மணி நேரம் நின்றால், காய்ச்சல் குளிர் நடுக்கம் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் காப்பி நிறமாக, மலம் வெளுப்பாகப் போனால், வாந்தி நிற்காவிட்டால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஆறு வாரத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால் வலி குறைவாகத் தெரிந்தாலும் உள்ளே மோசமாக இருக்கலாம்.

தட்டோன் மருமகள்:

அக்கா, இதைப் படித்துக் காட்டினேன். கொழுப்பு இல்லாவிட்டால் பை தேங்கும் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் படி என்றார். சாயந்தரம் ஒரு இட்லியும் பருப்பும் சாப்பிட்டார். சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார்.

மோல்மேன் அக்கா:

அப்படியானால் சர்ஜனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னும் முன்னாலேயே செய்ய முடியுமா?" இப்போதைய சர்வதேச வழிகாட்டிகள், 2018இல் புதுப்பித்த டோக்கியோ வழிகாட்டி உட்பட, உடம்பு தாங்கும் நோயாளிக்கு முதல் அட்டாக்கிலேயே சீக்கிரம் எடுத்துவிடச் சொல்கின்றன. அந்த நாட்கள் உங்களுக்குத் தாண்டிவிட்டன, அதனால் ஆறு வாரம் தள்ளியதில் தப்பு இல்லை. ஆனாலும் சர்க்கரை இருக்கிறது, எடை இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

மண்டலே பெரியவர்:

அம்மா, ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். என் தங்கைக்கு மூன்று நாள் வைத்தியம் செய்தோம். ஆப்பிள் ஜூஸ் குடித்து, ராத்திரி ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். காலையில் பச்சைப் பச்சையாகக் கல் வந்து விழுந்தது, என் கண்ணால் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணினோம். ரங்கூனில் ஆலிவ் எண்ணெய் எங்கும் கிடைக்கிறது. மஞ்சள் பாலும் கொடுங்கள்.

மோல்மேன் அக்கா:

ஐயா, நீங்கள் நல்ல மனசோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. பார்த்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அது கல் இல்லை. அவ்வளவு எண்ணெயும் எலுமிச்சையும் குடலின் நொதிகளோடு சேர்ந்தால் சோப்புக் கட்டி மாதிரி திரளும், பித்தத்தால் பச்சை நிறம் பிடிக்கும். 2005இல் லான்செட் இதழில் ஒரு பெண் கொண்டுவந்த இப்படிப்பட்ட "கற்களை" ஆராய்ந்து எழுதினார்கள். 40 டிகிரி சூட்டில் அவை உருகி எண்ணெயாகிவிட்டன. நிஜமான பித்தக்கல் அந்தச் சூட்டில் உருகாது.

வீங்கிய பை உள்ளவருக்கு ஒரே மடக்கில் ஒரு டம்ளர் எண்ணெய் என்றால் இருநூறு மில்லி, அதாவது 180 கிராமுக்கு மேல் கொழுப்பு. மேலே எழுதிய ஒரு வேளைக் கணக்கு எட்டு கிராம். சுருங்கு என்று சொல்லிப் பையை அடித்து எழுப்புவது போல. சின்னக் கல் இருந்தால் தள்ளப்பட்டு, பித்தம் குடலுக்கு இறங்கும் பொது நாளத்தில் மாட்டிக் கணையமும் வீங்கலாம். அது உயிருக்கே ஆபத்து. இந்த இழையைப் படிக்கும் யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

மஞ்சள்: குழம்பில் போடும் சிட்டிகை போதும், நல்லது. மஞ்சள் சத்து மாத்திரை, ஸ்பூன் ஸ்பூனாக மஞ்சள் பால் வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமினும் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது நம் பழக்கம். கல் நாளத்தை அடைத்து வந்த காமாலைக்கு எந்த மூலிகையும் வழி திறக்காது. அப்படிக் காத்திருந்து சீழ் பிடித்து வந்த ஒரு அம்மாவை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவர் மகள் கையில் கீழாநெல்லிக் கட்டு இருந்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஐயா, உங்கள் தங்கைக்கு அதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தீர்களா?

மண்டலே பெரியவர்:

எடுக்கவில்லை. வலி நின்றுவிட்டது என்று விட்டுவிட்டோம். வலி நின்றதை என்னால் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன்.

தான்லின் சமையல்காரர்:

நான் கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணத்துக்கும் சமைப்பவன், பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கும் போவேன். நோயைப் பற்றி எனக்குத் தெரியாது. எண்ணெயைப் பற்றித் தெரியும். என் மனைவிக்குப் பித்தக்கல் வந்த பிறகு எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

பர்மியக் கறியில் சீப்யான் என்றால் எண்ணெய் திரும்பி வருவது. வெங்காயம், பூண்டு, இஞ்சியை அரைத்து நிறைய எண்ணெயில் போட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்ட வதக்கினால் மசாலா எண்ணெயை விட்டுவிடும், எண்ணெய் மேலே வந்து நிற்கும். அதுதான் பதம். முன்காலத்தில் அந்த எண்ணெய்ப் படலம் கறி கெடாமல் காக்கும் என்று ஆற விட்டுவிடுவார்கள். ஒரு வீசை (பர்மா வீசை, 1.6 கிலோ) கோழிக்கு நான் போடும் எண்ணெய் பதினைந்து சாட்டா. ஒரு சாட்டா 16 கிராம் சொச்சம், ஆக கால் கிலோ எண்ணெய். கரண்டியால் மேலோட்டமாக அள்ளிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவருக்கு அதில் பாதிக்கு மேல் போகும்.

வழி இருக்கிறது. கோழித் தோலை உரியுங்கள், எண்ணெயை ஐந்து சாட்டாவாக்குங்கள். வெங்காய விழுதை முதலில் வெறும் சட்டியில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுண்ட வையுங்கள், மறுபடி தண்ணீர், மறுபடி சுண்டல். மூன்று தரம். பச்சை வாசனை போய் நிறம் இறங்கும். அதற்குப் பிறகு எண்ணெயை விடுங்கள். கறி வெந்ததும் இறக்கி ஃபிரிட்ஜில் ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் மேலே மஞ்சள் தகடு மாதிரி உறைந்திருக்கும், தோசைக் கரண்டியால் முழுசாகத் தூக்கிவிடலாம். என் தராசில் அந்தத் தகடு மூன்று சாட்டா வந்தது. கடலை எண்ணெய் அவ்வளவாக உறையாது, அப்படியானால் கரண்டியைச் சாய்த்து எடுக்க வேண்டும். மிச்சத்தைச் சுட வைத்துக் கொடுங்கள், ருசி குறையாது. மறுநாள் கறி இன்னும் நன்றாகவே இருக்கும்.

சாம்பாருக்கு எண்ணெயே தேவையில்லை, தாளிக்க மட்டும்தான். சின்ன இரும்புக் கரண்டியில் ஒரு டீஸ்பூன் விட்டு, கரண்டியைச் சாய்த்து எண்ணெய் ஒரு மூலையில் தேங்கும்போது கடுகைப் போடுங்கள். ஆறு பேர் சாம்பாருக்கு அது போதும். அன்னதானத்தில் மேலே மினுமினுவென்று மிதக்கிறதே, அது பார்வைக்காக ஊற்றுவது. பெரிய பாத்திரத்தில் நானும் ஊற்றியிருக்கிறேன். மனைவிக்கு வந்த பிறகு நிறுத்திவிட்டேன்.

பாமாயிலை விட்டுக் கடலை எண்ணெய் வாங்கினால் போதுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லா எண்ணெயிலும் கொழுப்பின் அளவு ஒன்றுதான்.

பெகு தம்பி:

அண்ணே, வெளியே சாப்பிடுகிறவர்களுக்கும் சொல்லுங்கள். நான் வேலைக்குப் போகிறவன், டீக்கடைதான் கதி.

தான்லின் சமையல்காரர்:

தம்பி, மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் கேளுங்கள், அதன் குழம்பில் மீன், வாழைத்தண்டு, அரிசிப் பொடிதான். ஆனால் "ஸீச்செ போடாதே, அச்சோ போடாதே" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அச்சோ என்பது மேலே போடும் பொரித்த பலகாரம். பூண்டு பொரித்த எண்ணெயை ஒரு கரண்டி கடைசியில் ஊற்றுவதுதான் ஸீச்செ, தோ என்கிற எல்லாச் சாலட் வகையிலும் அதுதான் ஒளிந்திருக்கிறது. லப்பே தோ என்கிற தேயிலைச் சாலட்டில் கடலை எண்ணெய், பொரித்த பயறு, வேர்க்கடலை, எள் நான்கும் சேரும், அதை இப்போதைக்கு விடுங்கள். ஒன்னோ கௌசுவே தேங்காய்ப் பால், அதையும். நான்பியா ரொட்டியும் வேகவைத்த பட்டாணியும் நல்லது, எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி. எண்ணெயில் பொரித்த இச்சாக்குவே, பலாட்டா (பரோட்டா), சமூசா வேண்டாம். ஷான் தோஃபு கடலைமாவில் கிண்டுவது, பொரிக்காமல் சூடாகக் கொடுத்தால் நல்ல சாப்பாடு. டீயில் கண்டென்ஸ்டு மில்க்கைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

மீன் என்றால் விரால், கெண்டை மாதிரி. உல்லம் மீன் நெய்ப் பிசுக்கு, ஆறினால் தட்டில் உறையும். அது பிறகு.

டவுன்ஜி பிள்ளை:

கேட்க வெட்கமாக இருந்தது, இப்போது எழுதுகிறேன். என் தங்கைக்கு 19 வயது, ஒல்லி, எண்ணெய்ப் பலகாரம் தொடவே மாட்டாள். அவளுக்கும் பித்தக்கல். வீட்டில் எல்லாரும் "கடையில் கண்டதைத் தின்றாள்" என்று அவளைத்தான் திட்டுகிறார்கள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தலசீமியா, ரத்தம் ஏற்றுவார்கள்.

மோல்மேன் அக்கா:

பிள்ளை, நல்லவேளை எழுதினீர்கள். உங்கள் தங்கை எந்தத் தப்பும் செய்யவில்லை. பித்தக்கல் ஒரே வகை இல்லை. கொலஸ்ட்ரால் கல் ஒன்று, நிறமிக் கல் இன்னொன்று. தலசீமியாவில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகின்றன, உடைந்ததிலிருந்து வரும் பிலிருபின் பித்தத்தில் சேர்ந்து கறுப்புக் கல்லாகிறது. நம் பகுதியில், பர்மா தாய்லாந்து முழுக்கவே, தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை ரத்தக் கோளாறும் அதிகம், அதனால் இளம் பிள்ளைகளிடம் இந்தக் கல்லை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் குறைத்ததால் அவளுக்குக் கல் வராமல் இருந்திருக்காது. வலி வராமல் இருக்க மட்டும் சாப்பாட்டு விதி அவளுக்கும் அதேதான். இந்தப் பதிலை அப்படியே அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கர்ப்பகாலத்திலும் ஹார்மோனால் பித்தம் தேங்கிக் கல் வரும், அப்போதும் பெண்ணைத்தான் குற்றம் சொல்வார்கள்.

சோலியா வீட்டுப் பெண்:

ராத்தாக்களே அக்காக்களே, என் வாப்பாவுக்குக் கல் இருக்கிறது, இரண்டு முறை வலி வந்து போயிற்று, இன்னும் வீக்கம் இல்லை என்கிறார்கள். ரமலானுக்கு நோன்பு பிடிக்கலாமா? எங்கள் வீட்டில் நோன்பு திறப்பது சமூசா, பஜ்ஜி, டன்பௌ பிரியாணி என்றுதான் வழக்கம்.

மோல்மேன் அக்கா:

தங்கச்சி, முடிவு அவரைப் பார்க்கும் டாக்டருடையது, வாப்பா நேரில் கேட்கட்டும். வலி வந்துகொண்டிருக்கும்போது 13, 14 மணி நேரம் வெறும் வயிறும் அதன் பிறகு பொரித்ததும் என்றால் தட்டோன் தங்கச்சி வீட்டுச் சனிக்கிழமை மாதிரியே ஆகும். வீக்கம் இருக்கும்போது நோன்பு பிடிக்கவே கூடாது, நோயாளிக்கு மார்க்கமும் விலக்கு தருகிறது. டாக்டர் சரி என்றால், பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் கொண்டு திறந்து, ஒரு மணி நேரம் கழித்துச் சோறும் மீனும். விடியுமுன் சாப்பிடும் ஸஹரைத் தவற விடக் கூடாது. டன்பௌவை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சோலியா வீட்டுப் பெண்:

ஜஸாகல்லாஹ் அக்கா. கஞ்சியில் கறிக்கொழுப்புப் போடாமல் பாசிப்பருப்பும் கேரட்டும் போட்டு நானே காய்ச்சுவேன்.

தட்டோன் மருமகள்:

மூன்று வாரம் ஆயிற்று. சொன்ன மாதிரி எண்ணெயைக் கணக்குப் பார்த்தேன். ஐந்து பேர் வீட்டில் மாதம் நான்கு வீசை வாங்கிக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளைக்கு 43 கிராம், சோற்றில் பருப்பில் உள்ள கொழுப்பெல்லாம் தனி. இதுவரை நான் ஒரு நாளும் அளந்ததில்லை, பாட்டிலைச் சாய்ப்பதுதான். இப்போது ஒன்றரை வீசை. யாரும் குறை சொல்லவில்லை, மாமனார் மட்டும் இரண்டு நாள் ஊறுகாயில் எண்ணெயைத் தேடினார்.

மாமியாருக்குக் காலை ஆறரைக்கு இட்லி இரண்டும் பருப்புத் துவையலும். பத்து மணிக்குப் பப்பாளி. மத்தியானம் சோறு, சுரைக்காய் ஹின்ஜோ (தெளிந்த சூப்), தோலில்லாத கோழி அல்லது விரால். நான்கு மணிக்குச் சூடான தோஃபு. ராத்திரி ஏழுக்குள் கோதுமைக் கஞ்சி, முருங்கைக்கீரை. எடை நின்றுவிட்டது, ஒரு பவுண்டு ஏறவும் செய்திருக்கிறது. சர்ஜனிடம் சர்க்கரை பற்றிச் சொன்னேன், தேதியைப் பத்து நாள் முன்னுக்கு நகர்த்தினார்.

சஷ்டிதான் பெரிய போராட்டம். நான் சொன்னால் கேட்கவில்லை. கடைசியில் கோயில் குருக்களிடம் கூட்டிப் போனேன். அவர், "அம்மா, மருந்து சாப்பிடுகிறவர் வேளைக்குச் சாப்பிட வேண்டும். ஆறு நாளும் மாலையில் வந்து முருகனைப் பாருங்கள், அது போதும்" என்றார். வீடு திரும்பும் வழியில் அழுதார். ஆறு நாளும் வேளைக்குச் சாப்பிட்டார், ஆறு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

இன்செய்ன் அண்ணன்:

தங்கச்சி, ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. பை போனதும் பித்தம் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு மாதம் வயிறு இளகியே இருந்தது, பஸ்ஸில் ஏறவே பயம். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன், ஓட்ஸ், வாழைப்பழம் சாப்பிட்டேன். தானாக அடங்கிவிட்டது.

மோல்மேன் அக்கா:

அண்ணன் சொல்வது சரி. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் கொலஸ்டைரமைன் என்ற மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்கப் பத்தியம் தேவையில்லை. 1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற சர்ஜன் முதன்முதலில் பித்தப்பையை எடுத்தார், அந்த நோயாளி எழுந்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து இன்று வரை பை இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டு வாழ்கிறார்கள்.

தட்டோன் மருமகள்:

நேற்று முன்தினம் ஆபரேஷன் முடிந்தது. நாலு சின்னத் துளைதான். கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று கல், கொத்தமல்லி விதை அளவு, பழுப்பு மஞ்சள். மாமியார் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார்.

இன்று காலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். மத்தியானம் ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். ராத்திரி தூங்கப் போகும் முன், "கோழி எப்போது செய்வாய்" என்று கேட்டார். அண்ணே, ஒரே ஒரு கேள்வி: கறியை ராத்திரி குளிர வைக்கும் பாத்திரம் மண்சட்டியா, எவர்சில்வரா?

தான்லின் சமையல்காரர்:

எவர்சில்வர், அகலமாக. மண்சட்டி எண்ணெயைக் குடித்துவிடும், மறுநாள் சுட வைக்கும்போது திருப்பிக் கொடுக்கும். முதல் வாரம் கோழி வேண்டாம், சுரைக்காய் ஹின்ஜோவிலேயே இரண்டு துண்டு விரால் போடுங்கள். அடுத்த வாரம் கோழி.